கூலி பாக்கி கேட்கும் ஜெபம்



இந்த நினைவுச் சொற்பொழிவில் ஜெபம், பொறுமை, அழைப்பு என்கிற மூன்று சொற்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது மன்றத்துத் தோழர்கள் சிலருக்கு அது உவப்பாக இல்லை. அவர்கள் தயக்கம் நியாயமானதுதான். கூலி, நிலம், சுடுகாட்டுப் பாதை, வன்கொடுமை வழக்கு, கல்வி உதவித்தொகை என்று பேசிப் பழகிய மேடை இது. இதில் திடீரென்று ஒருத்தி வந்து ஜெபம் பற்றிப் பேசினால் எழுப்புதல் கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்றுதான் தோன்றும். காணிக்கைப் பை வராது, பயப்பட வேண்டாம்.

ஆனால் யார் நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அவர் முப்பது வருடத்துக்கு மேல் கிராமத்து உபதேசியாராக இருந்தவர். உங்களில் பலருக்கு அவருடைய சொந்தப் பெயரைவிட ‘உபதேசியார் ஐயா’ என்பதுதான் தெரியும். அவருடைய துணிப்பையில் எப்போதும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்றில் யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்கிற பட்டியல். இன்னொன்றில் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் எழுதிய மனுக்களின் நகல். கடைசி வருடங்களில் கை நடுங்க ஆரம்பித்த பிறகு இரண்டையும் ஒரே நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். அதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் பெயர், அதற்குக் கீழேயே பஞ்சமி நிலத்தின் சர்வே எண். இரண்டும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில்.

சமூகவியல் படித்த எனக்கு அந்த நோட்டு ஒரு பாடப்புத்தகம். மதம் மக்களுக்கு அபின் என்று மார்க்ஸ் சொன்னதை நாம் எல்லோரும் மேடையில் சொல்லியிருக்கிறோம். அதே பத்தியில், அந்த வரிக்குச் சற்று முன்னால், மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும் துன்பத்துக்கு எதிரான முறையீடு என்றும் அவர் சொல்லியிருப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எங்கள் சேரிக்குள் வந்த கிறிஸ்தவத்தில் அபினும் இருந்தது, முறையீடும் இருந்தது. எது எங்கே என்று பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைக்கு என் வேலை.

ஜெபத்திலிருந்து தொடங்குகிறேன்.

என் அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாதவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, நடவுக்கோ அறுப்புக்கோ போகும் முன்னால், அடுப்புக்குப் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபம் செய்வார். ஆலயத்தில் ஐயர் சொல்லும் ஜெபம் வேறு மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். அவர் ஜெபத்தில் கிருபை, இரக்கம், மகத்துவம் என்று பெரிய சொற்கள் வரும். அம்மாவின் ஜெபத்தில் கணக்கு வரும். “ஆண்டவரே, மேலண்ட வூட்டுக்காரரு மூணு நாளு கூலி குடுக்கல. நாலு மரக்கா நெல்லு சொன்னாரு, ரெண்டுதான் அளந்தாரு. நீ பாத்துக்கினுதான இருந்த?” இப்படித்தான் போகும். கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் உயரும். கேட்பவரை நேராகப் பார்த்துக் கேட்பது போல இருக்கும்.

பகலில் அதே மேலண்டை வீட்டுக்காரரிடம் அந்தக் குரலில் கேட்க முடியாது. களத்துமேட்டில் நின்று மரக்கால் குறைகிறது என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. கேட்க வேண்டிய கேள்வியை மறந்துவிடாமல் இருக்க அம்மாவுக்கு இருந்த ஒரே இடம் அந்த அடுப்படி. அன்றன்றைக்குக் கூலியில் எவ்வளவு குறைந்தது என்று எழுதிவைக்க நோட்டு இல்லாதவர், எழுதத் தெரியாதவர், ஜெபத்தில் எழுதிவைத்தார். பிறகு எங்கள் ஊரில் கூலி உயர்வு கேட்டுப் பெண்கள் நடவுக்குப் போகாமல் நின்றபோது, எந்தப் போகத்தில் யார் எவ்வளவு பாக்கி வைத்தார் என்று மனப்பாடமாக ஒப்பித்தவர் அம்மாதான். சங்கத்துத் தோழருக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமில்லை, நான் தினமும் கேட்ட பாராயணம் அது.

தமிழில் இதற்கு இருக்கும் சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜெபம் என்பது வடமொழியின் ஜபம். திரும்பத் திரும்ப உச்சரிப்பது என்று பொருள். விண்ணப்பம் என்றும் சொல்கிறோம். அதே சொல்லைத்தான் ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் எழுதுகிறோம். கத்தோலிக்கர்கள் மன்றாட்டு என்பார்கள். மன்று என்றால் ஊர் கூடும் பொது இடம், வழக்குத் தீர்க்கும் அவை. மன்றாடுவது என்றால் அந்த அவையில் போய் நின்று வாதாடுவது. காலப்போக்கில் அது கெஞ்சுவது என்று சுருங்கிவிட்டது. சேரிக்காரன் நுழைய முடியாத மன்றத்தில் வாதம் கெஞ்சலாகத்தானே மாறும்? சொல்லின் பழைய பொருளை மீட்டெடுத்தால் ஜெபம் என்பது நீதி கேட்டு வழக்குரைப்பது.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. லூக்கா சுவிசேஷம் பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசு சோர்ந்துபோகாமல் ஜெபிப்பது எப்படி என்று சொல்ல ஒரு கதையை எடுக்கிறார். ஒரு விதவை. தெய்வத்துக்கும் பயப்படாத, மனுஷரையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவள் நாள்தோறும் வந்து எனக்கு நியாயம் செய் என்று கேட்கிறாள். அவன் மனம் மாறியெல்லாம் நியாயம் செய்யவில்லை. இவள் தொல்லை தாங்காமல் செய்கிறான். ஜெபத்துக்கு உதாரணமாக மலையுச்சியில் கண்மூடி உட்கார்ந்த துறவியை அவர் காட்டியிருக்கலாம். கோர்ட்டு வாசலில் நிற்கும் ஏழைப் பெண்ணைக் காட்டினார். எத்தனையோ ஞாயிறு இந்தப் பகுதியின் மீது பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நீதிபதியைப் பற்றிப் பேசுவார்கள், விடாமுயற்சி பற்றிப் பேசுவார்கள். அவள் கேட்டது நியாயம் என்பதை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

தாண்டாதவர்களும் இருந்தார்கள். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்று நாம் அறிந்தவர், 2005இல் மறைந்தார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைக் கிராமத்துப் பேச்சில், கிராமத்து மெட்டில் பாட்டாக்கினார். அதில் பிதாவே என்ற இடத்தில் பெத்தவரே என்று வைத்தார். அப்பா, அம்மா இருவரையும் குறிக்கிற சொல், சேரியில் புழங்குகிற சொல். பறையடிப்பது இழிவு என்று சொல்லிச் சொல்லியே பறையை ஆலயத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த காலத்தில், அதை வழிபாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று வாதாடியவர். ஒரே உலையில் சமைத்து எல்லோரும் உண்பதுதான் நற்கருணை என்று சொன்னவர். இருபது வயதில் அவர் பாடல்களைக் கேட்டபோது, அம்மாவின் அடுப்படி ஜெபத்துக்கு ஒரு இறையியல் இருக்கிறது என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அம்பேத்கர் தலித் கிறிஸ்தவர்கள் பற்றி எழுதிய கட்டுரைகள் அவர் உயிரோடிருந்தபோது வெளிவரவில்லை. மகாராஷ்டிர அரசு பதிப்பித்த தொகுப்பின் ஐந்தாம் தொகுதியில் இருக்கின்றன. மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி நம்மை இன்னும் துரத்துகிறது. இந்துவாக இருந்தபோது உன் இழிநிலைக்குக் காரணம் உன் கர்மம் என்றார்கள். கிறிஸ்தவனானதும் உன் ஆதி மூதாதையின் பாவம் என்கிறார்கள். இரண்டிலும் உன்னை இழிவுபடுத்தியவன் தப்பித்துக்கொள்கிறான் அல்லவா என்று அவர் கேட்கிறார். மதம் மாறிய தீண்டப்படாதோர் தங்கள் உரிமைக்காகக் கிளர்ச்சி செய்யாமல் இருக்கிறார்களே என்பது அவருடைய வருத்தம். ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செய்கிறோம். நான் பாவி, நான் பாவி என்று நாம்தான் சொல்கிறோம். மரக்காலைக் குறைத்து அளந்தவன் எந்த ஆலயத்தில் முழங்கால் போடுகிறான்? அம்மா தன் பாவத்தை அறிக்கையிட்டது குறைவு. மேலண்டை வீட்டுக்காரரின் பாவத்தைத்தான் அதிகம் அறிக்கையிட்டார். அது சரியான இறையியல் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது பொறுமை. இந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை அதிகம்.

கிறிஸ்தவத்தில் பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் யோபுவைக் காட்டுவார்கள். பொறுமைக்கு யோபு என்பது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. யோபின் புத்தகத்தை முழுசாகப் படித்தவர்களுக்குத் தெரியும், முதல் இரண்டு அதிகாரம் தாண்டியதும் அந்த மனிதன் பொறுமையாக இல்லை. பிறந்த நாளைச் சபிக்கிறான். கடவுளை வழக்குக்கு அழைக்கிறான். நீ தப்புச் செய்திருப்பாய், அதனால்தான் இந்தக் கஷ்டம், பொறுத்துக்கொள் என்று அறிவுரை சொல்லும் நண்பர்களை அலட்டுகிறவர்கள் என்று ஒதுக்குகிறான். கடைசியில் கடவுள் கோபப்படுவது அந்த நண்பர்கள் மீதுதான். என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்று தீர்ப்பாகிறது.

யோபுவின் பொறுமையை எடுத்துக்காட்டாகச் சொல்வது யாக்கோபின் நிருபம், ஐந்தாம் அதிகாரம். நீடிய பொறுமையாய் இருங்கள், பயிரிடுகிறவன் மழைக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருங்கள் என்று அங்கேதான் வருகிறது. சுவரில் மாட்டும் வசனக் காலண்டரில் இந்த வரி கட்டாயம் இருக்கும். ஆனால் அதே அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? ஐசுவரியவான்களைப் பார்த்து, அழுங்கள் என்று. உங்கள் வயல்களை அறுத்தவர்களுக்கு நீங்கள் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் குரல் கடவுளின் காதில் விழுந்துவிட்டது என்று. கூலி பாக்கியைப் பற்றிய குற்றப்பத்திரிகைக்கு அடுத்தபடியாக வருவதுதான் அந்தப் பொறுமை. முதல் ஆறு வசனங்களைக் கத்தரித்துவிட்டு ஏழாவதை மட்டும் நமக்குக் கொடுத்தவர்கள் யார் என்று கேளுங்கள். நிலக்காரனிடம் ஆறு வசனத்தைப் படித்துக் காட்டாத சபைக்கு, கூலிக்காரியிடம் ஏழாவது வசனத்தைப் படிக்க என்ன தகுதி?

அந்த இடத்தில் யோபுவுக்குப் போடப்படும் கிரேக்கச் சொல்லின் பகுதிகளைப் பிரித்தால், சுமையின் கீழே நிலைத்து நிற்பது என்று வரும். விட்டுவிட்டு ஓடாமல் நிற்பது. தமிழில் பொறு என்ற வேர்ச்சொல்லும் சுமத்தல், தாங்குதல் என்ற பொருளுடையதுதான். தாங்குவதற்கும் பேசாமல் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. சுமை தூக்குகிறவன் வாய் திறந்து பாட்டுப் பாடுவதில்லையா?

1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தை நம் தோழர்கள் பலர் படித்திருப்பீர்கள். அந்தக் கடிதம் வெள்ளை இனவெறிக் கும்பலுக்கு எழுதப்பட்டது அல்ல. எட்டு வெள்ளை மதகுருமார்களுக்கு எழுதப்பட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கறுப்பர்களின் குறை நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டவர்கள். தெருவுக்கு வராதீர்கள், காலம் கனியட்டும், நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னவர்கள். கிங்கும் ஒரு போதகர். போதகர் போதகர்களுக்கு எழுதிய பதில் அது. காத்திரு என்ற சொல்லுக்கு எங்கள் காதில் ஒருபோதும் இல்லை என்றே பொருள் என்று விளக்கினார். பொறுமையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மிக நல்ல கிறிஸ்தவப் பிரசங்கம் எனக்கு அதுதான்.

நம் நாட்டில் அந்தக் ‘காத்திரு’வுக்கு ஒரு தேதி இருக்கிறது. 1950 ஆகஸ்டு 10. பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாம் பத்தி இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்காகத் திருத்தினார்கள். 1990இல் பௌத்தருக்காகத் திருத்தினார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியையே நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. பரிந்துரை கிடப்பில் போனது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் வந்தது. அதன் காலக்கெடுவையும் நீட்டித்தார்கள். தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. அடிக்கிறவன் மட்டும் அடிக்கும் முன்னால் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்பதில்லை.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்கிற தொழிலாளியின் வழக்கை இங்கே நினைவுகூர வேண்டும். தெருவோரம் தொழில் செய்யும் பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரான சூசைக்குக் கிடைக்கவில்லை. அதே நடைபாதை, அதே ஊசி, அதே தோல். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு தீண்டாமை தொடர்கிறது என்பதைக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் மனு தள்ளுபடியானது. ஆதாரமா இல்லை? ஆலயத்துக்குள்ளேயே தனி வரிசை, திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் என்று எவ்வளவு ஆதாரம் வேண்டும்? அந்த ஆதாரங்களைக் கோர்ட்டில் கொண்டுவந்து வைக்கும் துணிச்சல் திருச்சபைகளுக்கு இல்லாமல் போனதும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. எங்களிடம் சாதி இல்லை என்று வெளியே சொல்லிக்கொண்டு, எங்கள் மக்களுக்குச் சாதிக் கொடுமை இருக்கிறது, சலுகை தாருங்கள் என்று எப்படிக் கேட்பார்கள்? லூக்காவின் விதவையைப் போல அந்தச் செருப்புத் தொழிலாளி தன்னந்தனியாக மன்றேறினார்.

மூன்றாவது, அழைப்பு. இதில் கொஞ்சம் அதிகம் நிற்க வேண்டியிருக்கிறது.

1730களுக்குப் போவோம். தரங்கம்பாடி. சீகன்பால்கு வந்து இறங்கியது 1706. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் தமிழில் அச்சாகின. தஞ்சை அரசரின் படையில் சிப்பாயாக இருந்த இராஜநாயக்கன் என்ற பறையர், கத்தோலிக்கர், இந்த அச்சுப் புத்தகத்தை வாசிக்கிறார். ஒரு பறையர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துத் தானாகவே வாசித்தார் என்பதையே நம் இலக்கிய வரலாறுகள் ஒரு அத்தியாயமாக எழுதியிருக்க வேண்டும். வாசித்து, தரங்கம்பாடி லுத்தரன் மிஷனைத் தேடி வருகிறார். சிப்பாய் வேலையை விட்டு உபதேசியாகிறார். தஞ்சைப் பகுதியில், மிஷனரிகள் எளிதில் போக முடியாத இடங்களில், சபைகளைக் கட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மிஷன் 1733இல் முதல் தமிழ்ப் போதகராக ஆரோனுக்கு அபிஷேகம் செய்தது. ஆரோன் வேளாளர். நல்ல ஊழியர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த போதகர் யார் என்ற பேச்சு வந்தபோது இராஜநாயக்கன் பெயரும் எழுந்தது. உழைப்பிலும் வேத அறிவிலும் அவரிடம் யாரும் குறை கண்டதாகத் தெரியவில்லை. தடை வேறு. அவர் கையிலிருந்து நற்கருணை வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் மறுப்பார்கள் என்ற பயம். 1741இல் தியோகு என்பவருக்கு அபிஷேகமாயிற்று. இராஜநாயக்கன் உபதேசியாகவே இருந்தார். ஏறத்தாழ நாற்பது வருடம், கடைசிவரை.

ஒரு நிமிடம் இதை யோசித்துப் பாருங்கள். அவரை அழைத்தது யார்? கடவுள் என்று அவர் நம்பினார். மிஷனும் ஏற்றுக்கொண்டது. அப்படியானால் அழைப்பை நிறுத்தியது யார்? அப்பத்தை நீட்டும் கையை யாருடைய கை என்று பார்த்த மற்றக் கைகள். இவ்வளவு பக்தியுள்ள ஜெர்மானியர்கள், இரவெல்லாம் ஜெபித்தவர்கள், அந்தக் கைகளிடம் பொறுமை காட்டினார்கள். பொறுத்திருக்கும்படி இராஜநாயக்கனிடம் சொன்னார்கள். பொறுமை யாரிடம் எதிர்பார்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிடப் பழைய ஆவணம் நம் மண்ணில் எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் ஏன் விட்டுப் போகவில்லை என்று மாணவர்கள் கேட்பீர்கள். வகுப்பில் நானும் கேட்டிருக்கிறேன். என் ஊகம் ஒன்றைச் சொல்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். போதகர் பதவியை அவர் தன் அழைப்பாக நினைக்கவில்லை. வாசிப்பதும் வாசித்ததைத் தன் சனங்களுக்குச் சொல்வதும்தான் அவருடைய அழைப்பு. அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. இப்படிச் சொல்வதால் நடந்த அநியாயம் நியாயமாகிவிடாது. உபதேசியார் ஐயாவும் இறையியல் கல்லூரிக்குப் போக இரண்டு முறை விண்ணப்பித்தவர். இருபதாம் நூற்றாண்டில், இரண்டு முறையும், பரிந்துரைக் கடிதம் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி ‘எளிமையான ஊழியர், பதவி ஆசை இல்லாதவர்’ என்று அடக்க ஆராதனையில் ஒருவர் பேசியபோது பின்வரிசையில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அழைக்கப்பட்ட நிலையிலேயே அவனவன் நிலைத்திருக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் சொல்கிறார். சேரிக் கிறிஸ்தவனுக்கு இதைப்போலக் கெடுதல் செய்த வசனம் வேறு இல்லை. மாக்ஸ் வெபரைப் படித்தவர்களுக்குத் தெரியும், லூத்தர் ஜெர்மனியில் வேதாகமத்தைப் பெயர்த்தபோது அழைப்பு என்ற சொல்லும் தொழில் என்ற சொல்லும் ஒன்றோடொன்று கலந்துபோனதை அவர் நுணுக்கமாகக் காட்டுகிறார். செருப்புத் தைப்பவனுக்கு அது கடவுள் கொடுத்த வேலை, கொல்லனுக்கு அவன் வேலை. ஐரோப்பாவில் அது உழைப்புக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தது. தொழிலைப் பிறப்போடு ஆணியடித்து வைத்திருக்கும் நம் ஊருக்கு அதே கருத்து வந்தால் என்ன ஆகும்? வெட்டியான் வேலையும் சாவுச் சேதி சொல்லப் போவதும் தேவ அழைப்பாகிவிடும்.

பவுல் அங்கேயே நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வசனம் அடிமையைப் பற்றியது. உனக்கு விடுதலையாக வாய்ப்பு வந்தால் பயன்படுத்திக்கொள் என்கிறார். எதைப் பயன்படுத்துவது என்பதைக் கிரேக்க மூலம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. விடுதலையை என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். அடிமை நிலையையே என்று சிலர். இருவருக்கும் இலக்கண நியாயம் இருக்கிறது. அறிஞர்கள் சண்டை போடட்டும். அடிமை அந்த வரியை எப்படி வாசித்திருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. இந்த மன்றத்தில் அதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம், விவரிக்கப்போவதில்லை. ஒன்று மட்டும். ஏழைப் பிள்ளைகளுக்காக உழைக்க வேண்டும் என்ற அழைப்பை நம்பிக் கன்னியர் மடத்துக்குப் போனவர், ஏழு வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தார். மடத்தைப் பொறுத்தவரை அது அழைப்பை இழப்பது. என் வாசிப்பில், மடத்துக்குள் கேட்காமல் போன அழைப்பை வெளியே வந்துதான் அவரால் கேட்க முடிந்தது. எழுத்துதான் அவருக்குக் கிடைத்த ஊழியம். 2022இல் அந்தோணி பூலா கர்தினாலானபோது, தலித்துகளிலிருந்து வந்த முதல் கர்தினால் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். நானும்தான். இராஜநாயக்கனுக்கும் இவருக்கும் நடுவே எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டதும் இனிப்பு கொஞ்சம் கசந்தது.

கடைசியாக, மாணவர்களுக்கு.

கடவுள் பெயர் சொல்லி அழைப்பார் என்று ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சாமுவேலே, சாமுவேலே என்று இரவில் கூப்பிட்ட கதை நினைவிருக்கும். நம் பிள்ளைகளில் பலருக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. எந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்புவது? 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மனுவைத் தள்ளியது. ஞானஸ்நானம் பெற்றவர், ஆலயத்துக்குப் போகிறவர், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தை ஏமாற்றுவது என்றது. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி என்னைத் தேடி வந்தாள். அரசு வேலைக்குத் தேர்வு எழுதியிருக்கிறாள், சான்றிதழ் சரிபார்ப்பு வரப்போகிறது. “அக்கா, அதுவரைக்கும் சர்ச்சுக்குப் போகாம இருக்கட்டுமா? ஜெபம் மட்டும் ரூம்லயே பண்ணிக்கிறேன்” என்றாள். நம் காலத்தில் ஜெபம் ஒருவருக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது. ஆலயத்தில் முழங்கால் போடும் பெண்ணைப் பார்த்து, நீ பாவி என்று ஐயரும், நீ மோசடிக்காரி என்று அரசும் சொல்லுமானால் அவள் எங்கே போய் மன்றாடுவாள்?

போகாமல் இரு, உன் வேலை முக்கியம் என்றுதான் அவளிடம் சொன்னேன். என் அம்மா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அடுப்படி போதும் அவருக்கு. ஆனால் அவள் அறைக்குள் முடங்கி ஜெபிக்க வேண்டிய நிலையை உண்டாக்கிய மூன்றாம் பத்தியைப் பற்றி அவள் சபையில் ஒரு ஞாயிறாவது பிரசங்கம் நடந்ததா என்று கேட்டேன். ஆகஸ்டு பத்தாம் தேதி கறுப்பு நாள் அறிவிப்பு ஒன்று வாசிப்பார்கள் அக்கா, காணிக்கை எடுக்கும்போது என்றாள்.

வாசல் மேசையில் மூன்றாம் பத்தியை நீக்கக் கோரும் மனு இருக்கிறது. உபதேசியார் ஐயா கடைசியாக வரைந்த மனுவைத்தான் கொஞ்சம் திருத்தித் தட்டச்சு செய்திருக்கிறோம். தேதியையும் ஆணையத்தின் பெயரையும் தவிர எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுவது என்பது உங்கள் விருப்பம். வேலைக்கோ படிப்புக்கோ சான்றிதழ் சரிபார்ப்பை எதிர்பார்த்திருக்கிறவர்கள் யாரும் இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். உங்களுக்கும் சேர்த்து நாங்கள் போடுகிறோம். படிவங்கள் போதவில்லை என்றால் உள்ளே இன்னும் ஒரு கட்டு இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.